இருபத்தைந்து நிமிடம் திறந்திருந்த கதவு

வசிலி எவான் செத்துப்போனதை எங்கள் ஊர்ப் பத்திரிகை நான்கு வரியில் போட்டது. ஆற்றோரக் கிராமத்தில் பிறந்தான், பனிச்சறுக்கு அரங்கத்தில் முப்பத்தெட்டு வருடம் வேலை பார்த்தான், தங்கை அகாஃபியாவும் அவள் கணவனும் இருக்கிறார்கள், அவ்வளவுதான். படித்ததும் எனக்கு வயிறு எரிந்தது. அந்தத் தங்கை கணவன் நான்தான். நான்கு வரியில் என் பெயரைக்கூடத் தப்பாக அச்சடித்திருந்தார்கள், அது போகட்டும். பெருங்குளிர்க் கோப்பையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. முப்பத்தேழு வருடம் அலாஸ்காவில் இந்த டோல்மன் பே ஊரை நவம்பர் மாதத்தில் உயிரோடு வைத்திருந்த கூடைப்பந்துப் போட்டி அது. அதை எழுதினால் கதவைப் பற்றி எழுத வேண்டும். கதவைப் பற்றி இந்த ஊரில் யாரும் வாய் திறப்பதில்லை. நானும்தான் திறக்கவில்லை.

வசிலி குள்ளம். அகன்ற தோள். பேச்சுக் குறைவு. பூர்வகுடிகளான அவனுடைய ஜனங்களில் 'ஆமாம்' என்று சொல்ல வாயைத் திறக்க மாட்டார்கள், புருவத்தைத் தூக்குவார்கள். போட்டிக்குக் கலிஃபோர்னியாவிலிருந்து வந்த ஒரு பயிற்சியாளர் ஒருமுறை அவனிடம், "தரை ரெடியாப்பா?" என்று கேட்டார். இவன் புருவத்தைத் தூக்கினான். அவர் இவன் திடுக்கிட்டுப் போனதாக நினைத்து, "ஏன், என்ன ஆச்சு?" என்றார். இவன் மறுபடியும் தூக்கினான். மூன்றாம் தடவை அவருக்கு முகம் வெளுத்துவிட்டது. நான் ஓடிப்போய், "ரெடின்னுதாங்க சொல்றான்" என்று காப்பாற்றினேன்.

அவன் கிராமத்தில் பள்ளிக்கூடத்துக் கூடைப்பந்து அறையைத் தவிரப் பெரிய கூடம் கிடையாது. கல்யாணம், சாவு, ஓட்டுப் போடுவது எல்லாம் அங்கேதான். குளிர்காலம் ஏழு மாதமும் அதில் பந்து தட்டிக்கொண்டிருப்பார்கள். வசிலியும் தட்டியவன். எழுபத்தெட்டில் மீனை டப்பாவில் அடைக்கும் தொழிற்சாலைக்கு வேலை தேடி வந்தான், எண்பதில் அரங்கத்தில் சேர்ந்தான். நான் மினசோட்டாவிலிருந்து கணக்கு வாத்தியாராக வந்தவன். அவன் தங்கையைக் கட்டினேன். கடிகாரத்தைச் சரியாக நிறுத்தத் தெரிந்த ஆள் வேண்டுமென்று கல்லூரியில் என்னை நேரக் காப்பாளர் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். முப்பத்தேழு வருடமும் அந்த நாற்காலியில் நான், அந்தத் தரையில் அவன்.

போட்டி பிறந்தது ஒரு விதியில் இருந்த ஓட்டையால். கல்லூரி அணிகள் வருடத்துக்கு இத்தனை ஆட்டம்தான் ஆடலாம் என்று ஒரு கணக்கு உண்டு. ஆனால் தெற்கே ஒட்டிக் கிடக்கிற நாற்பத்தெட்டு மாநிலங்களுக்கு வெளியே ஆடினால் அது கணக்கில் சேராது. அலாஸ்கா வெளியேதானே? எங்கள் கல்லூரிப் பயிற்சியாளர் மெர்ல் ஹாஸ்கெட் அந்த வரியைப் படித்துவிட்டு ஒரு வாரம் தொலைபேசியைக் கீழே வைக்கவில்லை. "மூணு ஆட்டம் இனாம், தேங்க்ஸ்கிவிங் பண்டிகை வாரம், வான்கோழி என் செலவு" என்பார். எங்களைவிட நூறு மடங்கு பெரிய பல்கலைக்கழகங்கள் வந்தன. நடத்துகிற ஊர் என்ற மரியாதைக்கு எங்கள் பிள்ளைகளுக்கும் ஓர் இடம். புதன்கிழமை மாலை முதல் ஆட்டம், வந்ததிலேயே பெரிய அணியோடு. வருடம் தவறாமல் தோற்றோம். நாற்பது புள்ளி, ஐம்பது புள்ளி வித்தியாசத்தில் தோற்றோம். தோற்பது எங்களுக்குப் பழகிவிட்டது.

ஊரில் ஏழாயிரம் பேர் உட்காரக்கூடிய ஒரே இடம் வசிலி வேலை பார்த்த ஐஸ் ஹாக்கி அரங்கம். அதில் ஐஸை உருக்க முடியாது, அடுத்த வாரமே ஹாக்கி இருக்கிறது. அதனால் ஐஸ் மேல் காப்புப் பலகை, அதன் மேல் மேப்பிள் மரத் தரை. ஒரேகனில் ஏதோ பள்ளிக்கூடம் கழித்துப்போட்டதை ஹாஸ்கெட் வாங்கி வந்தார். இருநூற்று இருபத்தெட்டுத் துண்டு. அடியில் எண் அழிந்துபோன துண்டுகளே பாதி. முதல் வருடம் அதைக் கோக்க வசிலிக்கும் அவனுடைய ஏழு ஆட்களுக்கும் இரண்டு நாள் ஆனது. கோத்து முடித்து ஜனங்களை உள்ளே விட்டால், இத்தனை பேர் மூச்சும் அடியிலிருக்கும் குளிரும் சேர்ந்து தரை பிசுபிசுத்தது. ஹாஸ்கெட்டுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை.

வசிலி மண்டி போட்டு உள்ளங்கையைத் தரையில் வைத்துப் பார்த்தான். எழுந்து நேரே போய், ஐஸ் தேய்க்கும் வண்டி வந்து போகிற பெரிய கதவைத் தூக்கிவிட்டான். வெளியே மைனஸ் இருபத்தைந்து. எலும்பைப் போல் காய்ந்த குளிர் அது. வெள்ளையாகப் புகைந்துகொண்டு உள்ளே புகுந்தது. ஜனங்கள் கத்தினார்கள். பத்து நிமிடம் கழித்துக் கதவை இறக்கினான். தரை காய்ந்துவிட்டது.

"யாருடா உனக்கு இதைச் சொல்லிக் கொடுத்தது?" என்றார் ஹாஸ்கெட்.

"மீன் காயப்போட்டிருக்கீங்களா சார்?" என்றான் வசிலி.

அடுத்த வருடம் தேவை இருக்கிறதோ இல்லையோ, ஜனங்களே "கதவு! கதவு!" என்று காலைத் தட்ட ஆரம்பித்தார்கள். ஐந்து வருடத்தில் அது சடங்காகிவிட்டது. ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் வசிலி அரைக்கைச் சட்டையோடு கதவண்டை போய் நிற்பான். ஃபுளோரிடாப் பிள்ளைகளையும் கரோலைனாப் பிள்ளைகளையும் தரை நடுவில் நிறுத்துவார்கள். கதவு எழும். ஏழடிப் பையன்கள் அம்மா என்று அலறிக்கொண்டு ஒருவர் முதுகுக்குப் பின்னால் ஒருவர் ஒளிவார்கள். இவன் அசையாமல் நிற்பான். நாலாயிரம் மைல் தள்ளி உட்கார்ந்திருப்பவனும் தொலைக்காட்சியில் அதைப் பார்ப்பான். வருடத்தில் ஐம்பத்தோரு வாரம் அவன் ஐஸ் தேய்க்கிற ஆள். குழந்தைகள் கொட்டிய சோளப்பொரியைப் பெருக்குகிற ஆள். அந்த ஒரு வாரம் மட்டும் பெரிய பெரிய பயிற்சியாளர்கள் அவன் புருவத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அதற்காகத்தான் அவன் மற்ற ஐம்பத்தோரு வாரத்தையும் தள்ளினான் என்று எனக்குத் தெரியும். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. கேட்டால், "நவம்பர்ல நேரமில்ல மாப்ள" என்பான்.

பிறகு விதியை மாற்றினார்கள். எங்கே ஆடினாலும் இனாம்தான் என்றானது. அப்புறம் எவன் இந்தக் குளிருக்கு வருவான்? கடற்கரைத் தீவுகளில் நீச்சல்குளம் வைத்த ஓட்டல்களில் போட்டி முளைத்தது. பெரிய அணிகள் அங்கே போய்க் கால் நீட்டின. எங்களுக்கு எட்டு அணி ஆறாகி, ஆறு நாலானது. பெயர் கேள்விப்படாத கல்லூரிகள் வந்தன. தொலைக்காட்சிக்காரன் வருவதை நிறுத்தினான். ஹாஸ்கெட் செத்தார். ஏழாயிரம் பேர் கத்திய இடத்தில் ஆயிரத்து முந்நூறு பேர் கம்பளிக்குள் கையை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அப்போதும் வசிலி கதவைத் திறந்தான்.

இரண்டாயிரத்துப் பதினாறில் கல்லூரி விளையாட்டுத் துறைத் தலைவியாக லினெட் ப்ரூட் என்ற அம்மாள் இருந்தாள். நல்லவள்தான். யார் யார் காலையோ பிடித்து, நாடே பெயர் சொல்லும் ஒரு தெற்கத்தி அணியைக் கொண்டுவந்தாள். கூடவே தொலைக்காட்சியும். அரங்கத்தில் எங்களையெல்லாம் கூட்டி வைத்துச் சொன்னாள்.

"நல்லா கேட்டுக்கங்க. இந்த வருஷம் ஒழுங்கா நடந்தா அஞ்சு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடுறாங்க. இல்லேன்னா இதோட கடை கட்டிடலாம். டிவிக்காரங்க கேட்டது ஒண்ணே ஒண்ணுதான், அந்தக் கதவு. வசிலி, கதவு உண்டுல்ல?"

வசிலி புருவத்தைத் தூக்கினான். எனக்கு இன்னும் நினைவிருக்கிறது, அன்று அவன் சிரித்தான்.

திங்கட்கிழமை தரை போட்டார்கள். செவ்வாயன்று கடலிலிருந்து ஒரு வெதுவெதுப்பான காற்றுக் கிளம்பியது. புதன்கிழமை மழை. நவம்பர் கடைசியில் மழை! மைனஸ் இருபது இருக்க வேண்டிய நாளில் கூரையிலிருந்து தண்ணீர் ஒழுகுகிறது, தெருவில் ஐஸ் மேல் தண்ணீர் ஓடுகிறது. ஐயாயிரம் பேர் வந்தார்கள், பத்து வருடத்தில் இல்லாத கூட்டம். எல்லோரும் நனைந்த கோட்டோடு வந்து உட்கார்ந்தார்கள். அரங்கத்துக்குள் ஈர நாய் வாடை அடித்தது.

வசிலி என் மேஜைக்கு முன்னால் மண்டி போட்டு உள்ளங்கையை வைத்தான்.

"பிசுக்குது மாப்ள."

"அதுக்குத்தானே கதவு இருக்கு?" என்றேன்.

அவன் உடனே எழவில்லை. "வெளிய மழை பெய்யுது."

"மழை உள்ளயா பெய்யப்போகுது? முப்பத்தாறு வருஷமா அந்தக் கதவுதான் காயவச்சுது. இன்னிக்கு மட்டும் என்ன, கதவுக்குக் கோபமா?"

என் நாக்கு சும்மா இருக்காது. கணக்கு வாத்தியார் நான். குளிர்ந்த பாட்டிலை வெளியே வைத்தால் ஏன் வியர்க்கிறது என்று வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொன்னவன். அந்த நேரத்தில் அது என் மண்டையில் எட்டிப்பார்க்கவே இல்லை. எங்கள் ஊரில் கதவைத் திறந்தால் தரை காயும், அவ்வளவுதான். வேறு மாதிரி ஒரு நாளை நாங்கள் யாரும் பார்த்ததில்லை.

என் கடிகாரம் அறுபது நிமிடத்திலிருந்து இறங்க ஆரம்பித்தபோது கதவு எழுந்தது. ஜனங்கள் காலைத் தட்டினார்கள். தெற்கத்திப் பையன்கள் பயந்துகொண்டு தோளைக் குறுக்கினார்கள். குளிரே வரவில்லை. ஒருவன், "இதுதானா உங்க ஊரு குளிரு? எங்க ஊரு குளியலறை மாதிரில்ல இருக்கு!" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். பத்து நிமிடமானதும் வசிலி வந்து தரையைத் தொட்டான்.

"காயல. மூடிடவா?"

"இவ்வளவு கூட்டத்துக்குப் பத்து நிமிஷம் எங்க பத்தும் மச்சான்? இன்னும் கொஞ்சம் விடு. டிவிக்காரன் வேற படம் எடுத்துட்டிருக்கான். நான் சொல்றேன், விடு."

அவன் என்னைப் பார்த்தான். கதவைப் பார்த்தான். விட்டான். நான் தலையாட்டியபோது கடிகாரத்தில் முப்பத்தைந்து நிமிடம் இருந்தது. அப்போதுதான் மூடினான்.

ஈரக்காற்று உள்ளே வந்து, அடியில் ஐஸ் கிடக்கிற தரையில் சத்தமில்லாமல் படிந்துவிட்டது. கண்ணுக்குத் தெரியவில்லை. ஆட்டம் தொடங்கி நான்காம் நிமிடம் முதல் ஆள் வழுக்கினான். துண்டை எடுத்துக்கொண்டு வசிலி ஓடினான். துடைத்த இடம் பளபளத்து மறுபடியும் மங்கியது. பிறகு இன்னொருவன் விழுந்தான். விழுந்தவர்கள் எல்லாம் தெற்கத்தியார். எங்கள் பிள்ளைகள் விழவில்லை. பிறந்ததிலிருந்து ஐஸில் நடக்கிறவர்கள், காலை எட்டிப் போடாமல் தட்டையாக வைத்துக் குட்டிக் குட்டி அடியாக ஓடினார்கள். நீண்ட காலை வீசிப் பாய்ந்து பழகிய பெரிய அணிக்குப் பாயவே வழியில்லை. இடைவேளையில் நாங்கள் ஒரு புள்ளி முன்னே. இரண்டாம் பாதியில் ஐந்து புள்ளி முன்னே. ஐயாயிரம் பேரும் எழுந்து நின்றார்கள். பக்கத்து நாற்காலியில் புள்ளி எழுதுகிற கிழவி டோரத்தி அழுதுகொண்டே எழுதினாள். முப்பத்தேழு வருடத்தில் முதல் தடவை எங்களுக்கு வெற்றி கண்ணில் தெரிந்தது.

பதினோரு நிமிடம் ஆறு நொடி இருக்கும்போது அவர்களுடைய மிகப் பெரிய ஆட்டக்காரன், பத்தொன்பது வயதுப் பையன், திரும்ப முயன்றான். காலொன்று நின்ற இடத்தில் நிற்க மற்றது போய்விட்டது. முழங்கால் முறிந்த சத்தம் என் மேஜைக்குக் கேட்டது. நான் கடிகாரத்தை நிறுத்தினேன்.

அவர்களுடைய பயிற்சியாளர் வந்து காலணியால் தரையைத் தேய்த்துப் பார்த்தார். "இது தரையா, மீன் கடையா? என் பிள்ளைங்க இனிமே இதுல கால் வைக்க மாட்டாங்க" என்றார். வசிலியும் அவன் ஆட்களும் தவழ்ந்துகொண்டே துடைத்தார்கள். ஜனங்கள் வேலியைத் தாண்டி இறங்கி வந்து கோட்டாலும் சட்டையாலும் துடைத்தார்கள். நூறு பேர், இருநூறு பேர், மண்டி போட்டு. அத்தனை பேர் மூச்சும் மறுபடி அதே தரையில்தான் படிந்தது. முக்கால் மணி நேரம் கழித்து நடுவர் ஆட்டத்தை ரத்து செய்தார். ரத்தான ஆட்டத்துக்குப் புள்ளி கிடையாது. நாங்கள் முன்னே இருந்தது எந்த ஏட்டிலும் இல்லை. மற்ற ஆட்டங்களும் நின்றன. மறுநாள் காலை தேங்க்ஸ்கிவிங் அன்று, அறுத்த வான்கோழியை அப்படியே விட்டுவிட்டு நான்கு அணியும் விமானம் ஏறின.

அடுத்த செவ்வாய் கல்லூரியில் விசாரணை. லினெட் ப்ரூட்டுக்குக் கண் வீங்கியிருந்தது. கதவு எவ்வளவு நேரம் திறந்திருந்தது என்று என்னைக் கேட்டார்கள். "இருபத்தஞ்சு நிமிஷம்" என்றேன். நொடி பிசகாமல் சொன்னேன்.

அவள் வசிலி பக்கம் திரும்பினாள். "பத்து நிமிஷந்தானே வழக்கம்? இருபத்தஞ்சு எதுக்கு?"

"தரை காயல."

"யாராவது விடச் சொன்னாங்களா?"

நான் என் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இடது காலணியில் கயிறு அவிழ்ந்திருந்தது. அதைக் குனிந்து கட்டலாமா என்று யோசித்தேன். அவ்வளவு கேவலமான மனுஷன் நான்.

"யாரும் சொல்லல. நான்தான்" என்றான் வசிலி.

கையெழுத்து வரவில்லை. பெருங்குளிர்க் கோப்பை அதோடு முடிந்தது. அந்தப் பையன் மறுபடி ஆடவே இல்லை என்று எங்கோ படித்தேன். தரைத் துண்டுகளைக் கல்லூரி ஏலத்தில் விட்டது. யாரோ படகுக் கொட்டகைக்குச் சுவராக அடித்துக்கொண்டார். வசிலியை வேலையை விட்டு அனுப்பவில்லை, கதவுப் பக்கம் மட்டும் போகக் கூடாது என்றார்கள். ஐஸ் வண்டியை வேறொருவன் ஓட்டினான். இவன் பெருக்கினான். ஹாக்கி பார்க்க வருகிறவர்கள், "என்ன வசிலி, இன்னிக்குக் கதவு உண்டா?" என்று கேட்டுவிட்டுச் சிரிப்பார்கள். அவன் பெருக்கிக்கொண்டே போவான். இரண்டு வருடத்தில் தானாகவே வேலையிலிருந்து நின்றுகொண்டான். எங்கள் வீட்டுக்கு வந்தால் உட்காருவதற்கு முன்னால் சமையலறைத் தரையில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பான். அகாஃபியா அதைப் பார்த்துவிட்டுப் பின்கட்டுக்குப் போய் அழுவாள். அவளுக்கும் நான் சொல்லவில்லை.

ஒருமுறை அவனிடம் சொல்லத் துணிந்தேன். கடமான் கறியும் ரொட்டியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். "மச்சான், அன்னிக்கு இன்னும் கொஞ்சம் விடுன்னு நான்தானே சொன்னேன்" என்றேன்.

"நீயா?" என்று கறியை மென்றான். "நீ சொல்லி நான் என்னிக்குக் கேட்டிருக்கேன்? உன் பேச்சைக் காதுல வாங்கியிருந்தா என் தங்கச்சியை உனக்குக் கட்டிக் கொடுத்திருக்க மாட்டேன். சாப்பிடு."

நான் சாப்பிட்டேன். பெரிய பாரம் இறங்கினாற்போல் இருந்தது. நாலைந்து வருடம் அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

போன பிப்ரவரியில் நுரையீரலில் நீர் கோத்து ஆஸ்பத்திரியில் கிடந்தான். மூக்கில் குழாய், பேசத் தெம்பில்லை. ஜன்னலுக்கு வெளியே அன்றும் மழை. பேச்சுக்கு ஏதாவது வேண்டுமே என்று நான் ஆட்டத்தை எடுத்தேன். "நடுவர் நிறுத்தாம விட்டிருந்தா நாமதான் ஜெயிச்சிருப்போம் மச்சான்" என்றேன். அவன் கூரையைப் பார்த்தான். தரை காய்ந்திருந்தால் நாற்பது புள்ளியில் தோற்றிருப்போம் என்பது அவனுக்கும் தெரியும். நாங்கள் வழுக்கலில் மட்டுமே ஜெயிக்கக்கூடிய அணி.

அப்புறம், அவன் பழையபடி ஏதாவது கிண்டல் செய்வான், கண்ணாலாவது சிரிப்பான் என்ற ஆசையில் கேட்டேன்.

"கதவை மூட விடாம கெடுத்தது நான்தானே? உண்மையைச் சொல்லு."

கூரையிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தான். பிறகு இரண்டு புருவமும் மெதுவாக மேலே போயின.

டெக்சஸிலிருந்து புதிதாக வந்த நர்ஸ் மருந்துப் பையை மாற்றிக்கொண்டிருந்தாள். "என்னங்க, எதைக் கேட்டு இவ்வளவு ஆச்சரியப்படுறாரு?" என்றாள்.

"ஒண்ணுமில்லம்மா" என்றேன்.